பழைய டர்போ கார் வாங்குவது எப்படி? – மாட்டுச் சந்தை சொல்லித் தந்த பாடம்

(மூன்றாம் ஆண்டு மாணவர், ஆட்டோமொபைல் பொறியியல் பிரிவு)

 

பேரவை மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் பலரும் 'மின்சார வாகனங்களின் எதிர்காலம்' பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதலாம்தான். ஆனால் ஒரு கேள்வி. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இன்றைக்கு ஒரு கார் நிற்கிறது? ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஷிப்ட் பஸ் ஏறி இறங்குகிற நம்முடைய அண்ணன், அக்காமார்கள் தினமும் கார் செய்கிறார்கள். ஷோரூமுக்குப் போய் ஒரு புதுக் கார் வாங்க அவர்களில் எத்தனை பேரால் முடியும்? நம்மைப் போன்ற குடும்பங்களில் முதல் கார் என்பது பெரும்பாலும் வேறொருவர் ஓட்டிவிட்டு விற்கிற கார்தான்.

ஆகவே பழைய கார் வாங்குவதைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் நம்ம பசங்க ஆசைப்படுகிற டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக்! புத்தகத்தில் படித்ததைவிட, பட்டுத் தெரிந்துகொண்டதே இதில் அதிகம். பட்டதில் நாலாயிரம் ரூபாய் போனதும் அடக்கம்.

அண்ணனின் ஆசை

என் அண்ணன் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறார். ரப்பர் ஹோஸ் செய்கிற லைன். பத்தாவதோடு நின்றவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிப்பது நான்தான் முதல் ஆள். எனக்கு பீஸ் கட்டுவதும் அவர்தான்.

சீட்டு எடுத்த பணம் மூன்று லட்சம் கையில் இருந்தது. மீதிக்கு லோன் போட்டு ஐந்தரை லட்சத்துக்குள் ஒரு பழைய டர்போ கார் வாங்க வேண்டும் என்பது அண்ணனின் திட்டம். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஏண்டா, நமக்கு எதுக்குடா பந்தயக் குதிரை? நாலு பேரு உக்காந்து போற வண்டி பத்தாதா?"

"இதுவும் நாலு பேரு உக்காந்து போற வண்டிதாம்ப்பா. லாரியைத் தாண்டும்போது கொஞ்சம் மூச்சு இருக்கும், அவ்ளோதான்."

அதற்குப் பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பிச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "டேய் தம்பி, நீதான ஆட்டோமொபைல் படிக்கிற? நீ பாத்து சரின்னு சொல்லு. வாங்கிடலாம்."

செமஸ்டர் பரீட்சையில் தப்பாக எழுதினால் அரியர் வைக்கலாம். இதில் தப்பு செய்தால் போவது அண்ணனின் ஆறு வருஷ ஓவர்டைம்!

ஹாட் ஹேட்ச் என்பது யாது?

ஹேட்ச்பேக் என்றால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காமல் பின்கதவோடு முடிகிற சின்னக் கார். அந்தச் சின்ன உடம்பில் கொஞ்சம் பெரிய சக்தியை வைத்தால் அதற்குப் பெயர் 'ஹாட் ஹேட்ச்'. உலகில் இந்த வகையைப் பிரபலமாக்கிய கார் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 1975-ல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு 1976-ல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 110 பி.எஸ். சக்தி. அதில் டர்போ கிடையாது.

நம் நாட்டில் இந்த வகை டர்போவோடு வந்ததற்கு ஒரு வரிக் காரணமும் உண்டு. 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள் இருந்தால் 'சின்னக் கார்' என்று குறைந்த வரி. 2006-ல் தொடங்கிய சலுகை இது. எஞ்சினைப் பெரிதாக்கினால் வரி ஏறும். பெரிதாக்காமல் சக்தியைக் கூட்ட வேண்டுமென்றால் வழி டர்போதான்!

டர்போ வேலை செய்யும் விதம்

எஞ்சினின் சக்தி என்பது எவ்வளவு பெட்ரோலை எரிக்க முடிகிறது என்பதைப் பொறுத்தது. அதிகப் பெட்ரோல் எரிய அதிகக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தானாக மூச்சிழுக்கும். டர்போ எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறோம். இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃப்ரட் பியூச்சி 1905-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள். ஒரு பக்கம் டர்பைன், மறுபக்கம் கம்ப்ரஸர். சைலன்ஸர் வழியாக வீணாகப் போகிற சூடான புகை டர்பைனைச் சுழற்றும். அதே தண்டில் இருக்கிற கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து அழுத்தும். அழுத்தினால் காற்று சூடாகும் என்பதால் இன்டர்கூலர் அதைக் குளிரவைத்து எஞ்சினுக்குள் அனுப்பும். அழுத்தம் அளவுக்கு மீறினால் வேஸ்ட்கேட் வால்வு திறந்து புகையை வேறு வழியில் விட்டுவிடும்.

பலன் என்ன? ஹுண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ் காரின் 1.2 லிட்டர் சாதா பெட்ரோல் எஞ்சின் 83 பி.எஸ்., 114 நியூட்டன் மீட்டர் டார்க் தந்தது. அதே காரில் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் 100 பி.எஸ்., 172 நியூட்டன் மீட்டர் தந்தது. எஞ்சின் சின்னது, இழுவையோ பாதிக்கும் மேல் அதிகம். அதுவும் 1,500 ஆர்.பி.எம்.மிலேயே கிடைத்துவிடும்.

இங்கேதான் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. ஒரு பக்கம் நெருப்பு மாதிரிப் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. நடுவில் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். எஞ்சின் ஆயில் பழசாகிக் கருகினால், ஆயில் போகிற அந்தச் சின்ன வழி அடைபடும். படலம் போனால் டர்போ போச்சு. எனவே டர்போ காரின் ஆயுள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எப்படி ஓட்டினார்கள், எப்போது ஆயில் மாற்றினார்கள் என்பதைப் பொறுத்தது. பழைய டர்போ கார் வாங்குகிறவர் முன்னால் வைத்திருந்தவரின் பழக்கத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் அந்தப் பழக்கத்தைக் கண்டுபிடிக்கிற வழிகள்.

நம் கைக்கு எட்டக்கூடிய வண்டிகள்

முதலில் நம்ம ஊர் வண்டிகள். ஹுண்டாய் 1996-ல் இந்தியாவுக்கு வந்து இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை அமைத்து 1998-ல் சான்ட்ரோவை வெளியிட்டது நமக்குத் தெரிந்ததே. அங்கிருந்துதான் இவையும் வந்தன.

கிராண்ட் ஐ10 நியோஸ் டர்போ: 2020-ல் வந்தது. 5 கியர் மேனுவல். பார்த்தால் சாதுவான குடும்பக் கார். 2023-ல் புதுத் தோற்றம் வந்தபோது டர்போ நிறுத்தப்பட்டது.

ஐ20 டர்போ: 2020 நவம்பரில் வந்தது. 120 பி.எஸ்., 172 நியூட்டன் மீட்டர். கிளட்ச் பெடல் இல்லாத ஐ.எம்.டி. கியர், இல்லாவிட்டால் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். 2021 செப்டம்பரில் இதன் 'என் லைன்' வந்தது; சஸ்பென்ஷன் இறுக்கம், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 2023-ல் அதற்கு ஐ.எம்.டி.க்குப் பதில் கிளட்ச் பெடலோடு 6 கியர் மேனுவல் கொடுத்தார்கள்.

டாடா டியாகோ ஜே.டி.பி.: தமிழ்நாட்டுக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய கார். கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 2018 அக்டோபரில் 6.39 லட்சத்துக்கு வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 114 பி.எஸ். அந்தக் கூட்டு 2020-ல் முடிவுக்கு வந்துவிட்டது. ஆகவே இந்த வண்டிக்கே உரிய பாகங்கள் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு இறங்க வேண்டும்.

மாருதி பலேனோ ஆர்.எஸ்.: 2017 மார்ச்சில் வந்து 2020-ல் நின்றது. 1.0 லிட்டர், 102 பி.எஸ். பிரேக்குக்கு உதவும் வேக்வம் பம்ப் குறைக்காக 2023 ஏப்ரலில் 7,213 வண்டிகளை கம்பெனியே திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கிற வண்டிக்கு அது மாற்றப்பட்டதா என்று சேஸிஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.: 2013-ல் 1.2 லிட்டர், 105 பி.எஸ்., 7 கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக்கோடு வந்தது. இந்த டி.எஸ்.ஜி. வகைக் கியர்பாக்ஸ் கோளாறுக்காக 2013-ல் சீனாவில் மட்டும் 3.84 லட்சம் ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. விலை மலிவாக இருக்கிறதே என்று பழைய டி.எஸ்.ஜி. வண்டியில் கைவைத்தால், கியர்பாக்ஸ் ரிப்பேர் நம் சக்திக்கு மீறியதாகிவிடும். 2020-ல் வந்த 1.0 டி.எஸ்.ஐ. 110 பி.எஸ். மேனுவல் இதைவிட நல்ல தேர்வு. போலோ உற்பத்தி 2022-ல் நின்றது.

இவை தவிர 2015-ல் வந்த ஃபியட் அபார்த் புன்ட்டோ (145 பி.எஸ்.), 2021-ல் வந்த டாடா அல்ட்ராஸ் ஐ-டர்போ (110 பி.எஸ்.) ஆகியவையும் உண்டு. அபார்த் ஆசைக்கு நல்லது. ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டதால் பாகம் தேடி அலைய வேண்டிவரும். முதல் காருக்கு வேண்டாம்.

மாட்டுச் சந்தைப் பாடம்

எங்கள் தாத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் சந்தையில் மாடு பார்ப்பதில் கில்லாடி. முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். அப்புறம் சுழி. அப்புறம் நடக்கவிட்டு, ஓட்டிப் பார்ப்பார். "அலங்காரம் பண்ணி நிக்கிற மாட்டைப் பாக்காதடா. விடியற்காலைல எழுந்திருக்கிற மாட்டைப் பாரு. அதுதான் நெச மாடு" என்பார். காருக்கும் இதுவே பொருந்துகிறது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

1. பல் பார்ப்பது (வயசு)

மீட்டரில் காட்டுகிற கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அதைத் திருத்த முடியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2221 என்றால் 2021-ம் ஆண்டு 22-வது வாரம் செய்த டயர். '2021 வண்டி, பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது' என்கிறார்கள், டயரோ 2024-ல் செய்தது என்றால் கேள்வி கேட்க வேண்டும். கண்ணாடிகளின் மூலையிலும் குறி இருக்கும். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அது மாற்றப்பட்ட கண்ணாடி. ஸ்டியரிங் தோல், பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் ஓரம் ஆகிய மூன்றும் பொய் சொல்லாது.

அடுத்து சர்வீஸ் பில். ஒவ்வொரு பில்லிலும் தேதி, கிலோமீட்டர், போட்ட ஆயிலின் கிரேடு மூன்றும் இருக்கிறதா பாருங்கள். டர்போ காரில் ஒரு ஆயில் சர்வீஸ் விட்டுப் போயிருந்தாலும் யோசிக்க வேண்டும். 'பில் இல்லீங்க, நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக்தான் பண்ணாரு' என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

2. விடியற்காலையில் பார்ப்பது (கோல்ட் ஸ்டார்ட்)

இங்கேதான் நான் சறுக்கினேன். முதலில் பார்த்த வண்டி ஒரு விற்பனையாளரிடம் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணி. பளபள என்று பாலீஷ் போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஸ்டார்ட் செய்தார்கள், ஒரு புகை இல்லை. ஒரு ரவுண்டு போனோம். டர்போ தள்ளிய தள்ளில் முதுகு சீட்டில் ஒட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "சூப்பர்ண்ணா, எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஒர்க்ஷாப்பில் எங்கள் சாரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "நீ போனப்போ பானெட்டைத் தொட்டுப் பாத்தியாப்பா? சூடா இருந்துச்சா, சில்லுன்னு இருந்துச்சா?"

சூடாக இருந்தது!

நாங்கள் வருவதற்கு முன்னாடியே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணனும் நானும் அடுத்த நாள் நைட் ஷிப்ட் முடிந்த கையோடு, காலை ஆறரை மணிக்குச் சொல்லாமல் போய் நின்றோம். வாட்ச்மேன்தான் ஸ்டார்ட் செய்தார். பின்னாடி நீல நிறத்தில் ஒரு புகை. அரை நிமிடம் நின்று அப்புறம் அடங்கியது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். டர்போ சீல் போயிருக்கலாம், வால்வு சீல் போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும் செலவு நம்முடையது.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதற்கு நாலாயிரம் பிடித்துக்கொண்டு ஆறாயிரம் கொடுத்தார்கள். ரசீதில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை. வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான், நானே படிக்கவில்லை! அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் சுங்குவார்சத்திரத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆகவே, எஞ்சின் முழுசாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே முதல் ஸ்டார்ட் பாருங்கள். வெண்புகை காலையில் கொஞ்சம் வந்து மறைந்தால் அது நீராவி, பயமில்லை. நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அளவு மீறுகிறது.

3. எண்ணெய் பார்ப்பது

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். தார் மாதிரி ஒட்டியிருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டிப் ஸ்டிக்கில் அளவு குறைந்திருந்தால், 'ஆயில் குடிக்குமா?' என்று கேளுங்கள்.

இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ்களைத் தொட்டுப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு இயல்பு, சொட்டினால் இயல்பில்லை. விரிசல், தளர்ந்த கிளிப் இருந்தால் அழுத்தக் காற்று கசியும். இந்த விஷயத்தில் எனக்கு அண்ணன்தான் குரு! "ரப்பரைக் கிள்ளிப் பாருடா. கல்லு மாதிரி இருந்தா வெந்துபோச்சு, ஈரமா வீங்கி இருந்தா ஆயில் குடிச்சிருச்சு" என்று சொல்லித் தந்தார். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்காதது.

இன்னொன்று. 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டிகளில் பல, 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. மேனுவல் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, பெட்ரோல் ஹோஸ்களையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

4. நடக்கவிட்டுப் பார்ப்பது (டெஸ்ட் டிரைவ்)

சிங்கபெருமாள் கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையோ, வண்டலூர் – வாலாஜாபாத் சாலையோ, கூட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள். லைசென்ஸ் உள்ளவர் ஓட்ட, நாம் காதையும் கண்ணையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் சூடானதும் மூன்றாம் கியரில் 2,000 ஆர்.பி.எம்.மிலிருந்து சீராக மிதியுங்கள். இழுவை தடையில்லாமல் ஏற வேண்டும். திடீரென்று சக்தி செத்து எஞ்சின் லைட் எரிந்தால் டர்போ அழுத்தத்தில் கோளாறு இருக்கலாம். லேசான விசில் சத்தம் டர்போவின் இயல்பு. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கினால் தண்டு ஆடுகிறது.

மேம்பாலத்தில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டு, கீழே வந்ததும் மிதித்து, கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீலப் புகை வந்தால் மேலே சொன்ன கதைதான்.

இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால் சந்தை நேரத்து டிராபிக்கில் பத்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள். போலோவின் 7 கியர் டி.எஸ்.ஜி.யும் ஐ20-யின் டி.சி.டி.யும் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை. நின்று நின்று போவதில் சூடாகித் தேயும். ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு உதறினால் வேண்டாம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். பழைய எர்ரர் கோடுகளை விற்பதற்கு முந்தின நாள் அழித்திருந்தாலும், 'சோதனைகள் இன்னும் முடியவில்லை' என்று ஸ்கேனர் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து முக்கியமானது ரீமேப். கம்ப்யூட்டரில் மென்பொருளை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டி ஓட்டுவது. விற்கும்போது பழையபடி மாற்றிவிடுவார்கள். ஆனால் பெரிய சைலன்ஸர், திறந்த ஏர் ஃபில்டர், வெட்டி ஒட்டிய வயர் ஆகியவை சாட்சி சொல்லும். பந்தயம் ஓடின மாடு உழவுக்கு வராது!

5. சுழி பார்ப்பது (வெள்ளம், விபத்து, கடன்)

நம்ம பக்கத்தில் இது மிக மிக முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் புறநகரிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. அவை எல்லாம் எங்கே போயின? கழுவி, சென்ட் அடித்து, மறுபடி விற்பனைக்கு வந்தவையும் உண்டு.

நாங்கள் பார்த்த இரண்டாவது வண்டி அப்படிப்பட்டதுதான். விலை மற்றதைவிட அறுபதாயிரம் குறைவு. எனக்கு ஏற்கெனவே சூடு பட்டிருந்ததால் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்தேன். கடைசி ஒரு அடியில் காய்ந்த சேறு கோடு போட்டிருந்தது! சீட்டுக்குக் கீழே தண்டவாளம் மாதிரி இருக்கும் இரும்பில் துரு, ஸ்டெப்னி குழியில் மண். கம்ப்யூட்டரும் சென்சாரும் நிறைந்த டர்போ வண்டி தண்ணீரில் மூழ்கினால் கோளாறு வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். இந்தத் தடவை அட்வான்ஸ் எதுவும் கொடுக்கவில்லை.

காகிதச் சுழிகளும் உண்டு. ஆர்.சி.யில் 'ஹைப்பாத்திகேஷன்' என்று இருந்தால் கடன் பாக்கி. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28, தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய சாலை வரி இரண்டையும் கணக்கில் சேருங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு விவரமும் அபராத பாக்கியும் தெரியும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்கிறவருக்கு இருக்கும் 'நோ க்ளெய்ம் போனஸ்' அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. பிரீமியம் கூடும்.

6. துண்டுக்குள் விலை பேசுவது

சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். நாம் வாயால் பேசலாம், ஆனால் கணக்கோடு பேச வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதுக் காரின் விலை இறங்கியபோது பழசின் விலையும் இறங்கத்தானே வேண்டும்? 'நான் வாங்கும்போது இவ்ளோ' என்று விற்கிறவர் சொல்லும் பழைய ஷோரூம் விலையை அளவுகோலாக வைக்காதீர்கள். பழைய காருக்கான லோனில் வட்டியும் புதுக் காரைவிட அதிகம் என்பதை மறக்கக் கூடாது.

கையில் இருக்கும் மொத்தத்தையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் ஐந்தரை லட்சத்தில் ஐம்பதாயிரத்தைத் தனியே எடுத்து அம்மாவிடம் கொடுத்துவைத்தோம். வாங்கியவுடன் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட் எல்லாம் மாற்ற, டயர் தேவைப்பட்டால் போட, இன்சூரன்ஸ் கட்ட அதுதான் கைகொடுத்தது.

மூன்றாவது வண்டி

மூன்றாவது, படப்பையில் ஒரு டீச்சரம்மா வைத்திருந்த நியோஸ் டர்போ. டி.என். 87, ஒரே ஓனர். பாலீஷ் கிடையாது, கதவில் ஒரு கீறல்கூட இருந்தது. ஆனால் பிளாஸ்டிக் ஃபைலில் முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்லும் வரிசையாக! காலை ஆறு மணிக்கு வரலாமா என்று கேட்டோம். "வாங்கப்பா, காபி குடிச்சிட்டுப் பாருங்க" என்றார்கள். பானெட் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் நான் பின்னாடி மண்டியிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆயில் மூடி சுத்தம். ஸ்கேனரிலும் ஒன்றும் இல்லை. நான்கு டயரும் வண்டியோடு வந்த பழசு. அதைச் சொல்லிப் பதினைந்தாயிரம் குறைத்துக் கேட்டோம். 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு முடிந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. வீட்டுக்கு வந்து, நோட்டில் எழுதி வைத்திருந்த முப்பத்திரண்டு கேள்விக்கும் பதில் எழுதிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில்தான் "சரிண்ணா" என்றேன்.

வாங்கிய பிறகு

சில பழக்கங்கள் நமக்கும் வேண்டும். ஸ்டார்ட் செய்தவுடன் விரட்டாதீர்கள். ஆயில் மேலே ஏறட்டும். வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அப்புறம் ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் சூடான டர்போவில் நின்றுபோன ஆயில் கருகும். டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஒரேயடியாக மிதிக்காமல் கியரைக் குறையுங்கள். சின்ன டர்போ எஞ்சினில் அது பிஸ்டனையே பதம்பார்க்கும். மேனுவலில் சொன்ன கிரேடு ஆயில், சொன்ன தேதிக்கு முன்னாடியே. கண்டெய்னர் லாரிகள் ஓடுகிற நம்ம ரோட்டில் டர்போ என்பது பத்திரமாகத் தாண்டுவதற்கு, பந்தயம் விடுவதற்கல்ல.

முடிவுரை

தோழர்களே! டிப்ளமோ படித்தால் வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும் என்று நம் வீட்டில் நம்புகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்றும், சரியில்லாததை 'வேண்டாம்' என்றும் சொல்வதற்குத்தான் படிப்பு முதலில் உதவ வேண்டும். முதல் வண்டிக்கு நான் சொன்ன 'சூப்பர்' நாலாயிரம் ரூபாய் விலை பெற்றது. இரண்டாவது வண்டிக்குச் சொன்ன 'வேண்டாம்' எங்கள் சீட்டுப் பணத்தைக் காப்பாற்றியது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஆரத்தி எடுத்தார். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து, "இதுக்கா குதிரைன்னு சொன்னோம்? சத்தமே இல்லையேடா" என்றார். அண்ணன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஹோஸைத் தொட்டு, "இது நம்ம லைன்ல ஓடுற சைஸ் மாதிரியே இருக்குடா" என்றார். அது அவர் கையில் போனதுதானா என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆனாலும் அவர் அதைத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் பானெட்டை மூடினார்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு நல்ல வண்டி வந்து நிற்க வாழ்த்துகிறேன். பார்க்கப் போகும்போது பானெட்டைத் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள்!